ஆட்சேபனை இல்லையெனில் பெடல்கள் விற்கப்படும்

என் மைத்துனரின் மனைவி ஒரு நாள் காலையில் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எங்கள் முன்னறையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் விஷயத்துக்கு வந்தார். பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் விற்றுத் தர வேண்டும். ஆடித் திருவிழாக்கள் தொடங்குவதற்குள் விற்க வேண்டும். ஊருக்குத் தெரியாமல் விற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைத்துனர் என்பது என் மனைவியின் தம்பி. பகலில் பண்டாரவளையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. மற்ற நேரங்களில், இருபது வருடங்களுக்கு மேலாக, தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ஓர் இசைக்குழுவோடு, பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரத்தில் உறுமுகிற பேஸ் கிட்டார் வாசித்து வந்தார். போன வருடம் அவருடைய வலது காது கேட்பது நின்றுபோனது. இடது காதில் மிச்சமிருப்பது போகாமல் இருக்க வேண்டுமானால் இனி மேடைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிட்டார் குழுவுக்குச் சொந்தமானது, அதை அவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். பெட்டியில் இருந்தவை மட்டும் இவருடைய சொந்தப் பொருட்கள்.

"பெட்டி வீட்டுல இருந்தா, அவங்க ஃபோன் பண்ணுனதும் போயிருவாரு அண்ணே. இது இல்லன்னா போக மாட்டாரு. வெறுங்கையோட மேடையேறுற ஆளு இல்ல" என்றார் அவர். மைத்துனர் சம்மதித்துவிட்டாரா என்று கேட்டேன். தலையாட்டினாராம். ஆட்டிவிட்டு, விற்கும்போது பார்க்க வேண்டாம் என்று கொழும்பில் மகள் வீட்டுக்கு இரண்டு வாரம் போய்விட்டாராம்.

என்னிடம் ஏன் கொண்டுவந்தார் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் களஞ்சியத்தில் தொடங்கி நிருவாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன் நான். உடைந்த நாற்காலி முதல் ஓடாத ஜீப் வரை, அரசாங்கத்துக்கு வேண்டாதவற்றை முறைப்படி அகற்றியவன். அவை என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது, இவை தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

பெட்டியைத் திறந்தால் செங்கல்லில் பாதி அளவில் ஏழு இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் காலால் மிதிக்க ஒரு பொத்தான், கையால் திருக இரண்டு மூன்று குமிழ்கள், ஒரு சிவப்பு விளக்கு. கூடவே ஒரு மின்சார அடப்டர், அதிலிருந்து கிளைவிட்டுப் போகும் வயர், விரல் நீளத்தில் குட்டிக் குட்டி வயர்கள், ஒரு தோல் பட்டி, பிரிக்காத கிட்டார் கம்பிப் பொதிகள் இரண்டு. நான் பழைய வழக்கப்படி ஒற்றைக் கோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்து இருப்பேடு எழுத உட்கார்ந்தேன். நீலப் பெட்டி, குமிழ் மூன்று, எண்ணிக்கை ஒன்று. பச்சைப் பெட்டி, குமிழ் இரண்டு, எண்ணிக்கை ஒன்று. அதற்கு மேல் பேனா நகரவில்லை. எதற்குப் பயன்படுவது என்ற நிரலில் என்ன எழுதுவது?

இணையத்தில் தேடினேன். அது குழப்பத்தை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது, அவ்வளவுதான். இந்தப் பெட்டிகளுக்குப் பெடல்கள் என்று பெயராம், கிட்டாரின் சத்தத்தை மாற்றுபவையாம். நீலப் பெட்டி கொம்ப்ரஸராம். உரக்க வருவதைத் தாழ்த்தி, தாழ வருவதை உயர்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருமாம். முப்பது வருடங்கள் நான் அப்படியொரு திணைக்களத்தில்தான் இருந்தேன், அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. செம்மஞ்சள் பெட்டி நல்ல சத்தத்தை வேண்டுமென்றே கெடுப்பது. கறுப்புப் பெட்டியை மிதித்தால் சத்தமே வராதாம், அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்களாம். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "தெரியலன்னா அவன்கிட்டயே கேக்கலாமே" என்றார். சம்பந்தப்பட்டவரிடமே விளக்கம் கேட்டால் அது விசாரணை ஆகாது என்றேன். அதுவுமல்லாமல் தொலைபேசியில் அவருக்குப் பாதி கேட்காது.

ஒவ்வொன்றையும் அடப்டரில் இணைத்து மிதித்துப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அப்போதுதான் அந்த வெள்ளை டேப்புகளைக் கவனித்தேன். ஏழு பெட்டிகளிலும், குமிழ்களைச் சுற்றி, பொடிப்பொடியாக நறுக்கி ஒட்டிய டேப் துண்டுகள். மைத்துனரின் கையெழுத்தில் பூனாகலை, லுணுகலை, பெரகல. அரசாங்கக் களஞ்சியத்தில் வேலை பார்த்த எவனும் இதை ஒரே விதமாகத்தான் வாசிப்பான். பொருளின் மேல் இடத்தின் பெயர் எழுதியிருந்தால் அந்தப் பொருள் அந்த இடத்துக்குச் சொந்தம். எங்கள் மேசைகளின் அடியில் அப்படித்தான் எழுதியிருப்போம். ஏழிலும் மூன்று பெயர்களும் இருந்ததால் மூன்று தோட்டத்துக் கோயில்களும் கூட்டாக வாங்கி இவரிடம் ஒப்படைத்திருக்கின்றன என்று முடிவு செய்தேன். கூட்டு உரிமையுள்ள பொருளை உரிமையாளர்களின் ஆட்சேபனை இன்மைக் கடிதம் இல்லாமல் விற்பது பாரதூரமான தவறு. என் மைத்துனர் அப்படியொரு தவறில் மாட்டிக்கொள்ள இருந்ததை நினைத்ததும் கடிதத் தாள்களை எடுத்தேன்.

மூன்று கோயில் நிருவாக சபைகளுக்கும் கடிதம் எழுதினேன். கீழ்க்காணும் பெடல்களும் உதிரிப் பொருட்களும் விற்பனை செய்யப்படவுள்ளன, பதினான்கு நாட்களுக்குள் ஆட்சேபனை கிடைக்காதவிடத்து சம்மதம் எனக் கருதப்படும். மூன்றையும் பதுளைத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். இருப்பேட்டில் இடப்பெயர்களைப் பதிந்துகொண்டேன். பெயர்களுக்குப் பக்கத்தில் மெல்லிய கோடுகளும் இருந்தன, அவற்றைக் கீறல் என்று விட்டுவிட்டேன். பிறகு, விற்பனைக்கு வரும் பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால், யூகலிப்டஸ் தைலத்தில் துணியை நனைத்து எல்லா டேப்புகளையும் துடைத்தெடுத்தேன். கண்டபடி திரும்பிக் கிடந்த குமிழ்களையெல்லாம் பூச்சியத்துக்குத் திருப்பி வைத்தேன். வீடே சளி பிடித்தவன் மார்பு மாதிரி மணத்தது. வரிசையாக ஏழு பெட்டிகளும் மேசையில் பளபளத்தபோது, ஓய்வுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு வேலையை முடித்த திருப்தி எனக்கு.

பத்திரிகையில் நான் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்தவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் பண்டாரவளை முஸ்லிம் நானா ஒருவர். கையோடு ஒரு பேஸ் கிட்டாரும் சின்ன அம்ப்ளிஃபையர் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். பெட்டிகளைக் குட்டி வயர்களால் கோத்து, கம்பியைத் தட்டி, ஒவ்வொன்றாக மிதித்தார். "கேட்டீங்களா ஐயா, இப்ப வித்தியாசம்?" என்றார். கேட்டேன். எனக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் இருந்தது. லொறி ஒன்று வீட்டு வாசலில் நின்றபடி யோசிக்கிற மாதிரி. நான் தலையாட்டினேன்.

அவர் குனிந்து நீலப் பெட்டியை முகர்ந்து பார்த்தார். பிறகு இதில் டேப் ஒட்டியிருந்ததே, எங்கே என்று கேட்டார். என் மைத்துனருடைய பெட்டிகளை மேடைகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாராம். சுத்தம் செய்ததைப் பெருமையோடு சொன்னேன். கோயில்களின் பெயர் இருப்பேட்டில் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

நானா குட்டி வயர்களைக் கழற்றி வைத்தார். "ஐயா, அது சொந்தக்காரன்ட பேரில்ல. எந்த ஊர் மேடையில குமிழ் எங்க நிக்கணும்னு அந்த மனுசன் வெச்ச அடையாளம். ஒவ்வொரு கிரவுண்டும் ஒவ்வொரு மாதிரி. வருசக் கணக்கா நின்னு புடிச்சது" என்றார்.

ஒன்றும் வாங்காமல் போனார். விலை பேசவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, அந்த டேப்போடு இருந்திருந்தால் மொத்தத்தையும் அப்படியே எடுத்திருப்பேன் என்று மட்டும் சொன்னார்.

மூன்று கடிதங்களையும் திரும்பப் பெற முடியுமா என்று தபாலகத்தில் விசாரித்தேன். முடியாது என்பது எனக்கே தெரியும். அடுத்தடுத்த நாட்களில் பதில்கள் வந்தன. லுணுகலையிலிருந்து, தங்களிடம் அப்படியான பொருட்கள் எதுவும் ஒருபோதும் இருந்ததில்லை, ஆயினும் ஆட்சேபனை இல்லை என்று மரியாதையான ஒரு கடிதம். பெரகலவிலிருந்து பதிலே இல்லை. பூனாகலையிலிருந்து சபையின் முத்திரையோடு ஒரே ஒரு வரி: எங்களுக்கு ஆட்சேபனை உண்டு.

சொந்தமே இல்லாத பொருளை விற்க எப்படி ஆட்சேபிக்கிறார்கள்? இதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் வழி இல்லை. உரிமை இல்லாதவர் ஆட்சேபித்தால் தள்ளுபடி செய்யலாம். ஆனால் உரிமை உண்டு என்று எழுதி ஆட்சேபனையைக் கேட்டவனே நான்தான். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். விசாரணைக்கு நாள் குறித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பூனாகலைக் கோயில் சபைத் தலைவர் வந்தார். தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் இயந்திரப் பகுதியில் வேலை செய்பவர், இரும்பு மாதிரிக் கைகள். முந்தைய நாள்தான் கொழும்பிலிருந்து திரும்பியிருந்த மைத்துனரையும் வரச் சொல்லியிருந்தேன். அவருடைய இடது காது எல்லோர் பக்கமும் இருக்கும்படி சுவரோரமாக உட்கார வைத்தேன். அவர் மனைவி அவருக்கும் தலைவருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெட்டிகள் மேசையில்.

மைத்துனர் மேசையைப் பார்த்தார். எழுந்து வந்து ஒவ்வொன்றையும் தொட்டார். எல்லாக் குமிழ்களும் பூச்சியத்தில். நான் நடந்ததைச் சொன்னேன். இடையில் நிறுத்தாமல், தைலம் உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"கழட்டுறதுக்கு முந்தி ஒரு ஃபோட்டோவாச்சும் எடுத்தீங்களா மச்சான்?" என்றார்.

எடுக்கவில்லை. புகைப்படம் எடுக்கும் வழக்கம் எங்கள் காலத்தில் இல்லை.

தலைவர் வந்த காரியத்தைச் சொன்னார். இவரை மேடைக்குக் கூப்பிட அவர் வரவில்லை. காது விஷயம் அவருக்குத் தெரியும். தோட்டத்திலேயே இப்போது ஒரு குழு இருக்கிறது. முன்பள்ளி டீச்சர் ஒருவர் பேஸ் வாசிக்கிறார், நன்றாகவே வாசிக்கிறார். அந்தப் பெட்டிகளை அவர்களே வாங்கிக்கொள்வதாக இருந்தார்கள். வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்றுதான் ஆட்சேபனை. திருவிழா மேடை பெரட்டுக் களத்தில் போடுவது. காலையில் ஆளணியைக் கூட்டிப் பெயர் வாசிக்கிற அந்த இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை நிற்கிறது. வெளியிலிருந்து வருகிற எந்தக் குழுவின் பேஸும் அந்தப் பாறையில் மோதித் திரும்பி வந்து பாட்டைக் குழப்பிவிடும். இவர் வாசித்தால் மட்டும் குழம்பாது, பாட்டோடு சேர்ந்துவிடும்.

"குமிழ் நிக்கிற அந்தப் புள்ளிய மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதுங்க. டேப்புல இருக்குமேன்னு நெனச்சோம்" என்றார் தலைவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மைத்துனருக்கு எண்கள் நினைவில்லை. நினைவு வைக்கத் தேவையில்லாமல்தானே டேப் ஒட்டினார். மறுபடி பிடிக்க வேண்டுமானால் களத்தில் நின்று, சத்தத்தைக் கூட்டி, காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி பேசினார். குரல் உயரவில்லை.

"இருக்கிற ஒரு காதையும் பாறைக்குக் குடுக்கச் சொல்றீங்களா? இந்த மனுசன்கிட்ட நான் இனிமே சைகையில பேசணுமா?"

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவி தேநீர் கொண்டுவந்தார், யாரும் எடுக்கவில்லை. இந்த இடத்தில் விசாரணை நடத்துபவர் ஏதாவது சொல்ல வேண்டும். முச்சக்கர வண்டியில் அந்தப் பெட்டி வந்த காலையில் எனக்குக் கொடுத்த வேலை ஒரு மனிதனின் காதைக் காப்பாற்றுவது. நான் சுத்தம் செய்த லட்சணத்தில், இப்போது அந்தக் காதுதான் விலையாக நிற்கிறது. இருப்பேட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினேன்.

மைத்துனர்தான் வழி சொன்னார். ஆரம்பத்தில் அந்தக் களத்தில் வாசித்தபோது, தான் மேடையில் நிற்பதால் பாறைப் பக்கம் எப்படிக் கேட்கிறது என்று தெரியாமல், ஃபெக்டரியிலிருந்து ஒரு தகரத் தட்டு வாங்கி, அதில் தேயிலைத் தூளைப் பரப்பி, பாறையடியில் ஒரு கல்லின் மேல் வைத்திருக்கிறார். பேஸ் அடிக்கும்போது தூள் துள்ளி ஓரத்துக்கு ஓடினால் சத்தம் அதிகம். அசையாமலே கிடந்தால் போதாது. நடுவில் லேசாக நெளிந்து நின்றால் சரி. காது வேண்டாம், கண் போதும். தட்டைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்கிற ஓர் ஆள் மட்டும் வேண்டும்.

"மச்சான் இருக்காருல்ல. உள்ளத உள்ளபடி எழுதுறதுக்கு அவர விட்டா யாரு?" என்றார்.

புகழ்ந்தாரா குத்தினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பூனாகலைக்குப் போனோம். களத்துக்கு மேலே, பாதை வளைகிற இடத்தில் வேனை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, மைத்துனரை உள்ளே உட்கார வைத்தார்கள். ஃபெக்டரியில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் மாட்டுகிற பெரிய காதடைப்பானைத் தலைவர் கொண்டுவந்து அவர் தலையில் மாட்டினார். பக்கத்தில் அவர் மனைவி, கதவுப் பிடியில் கைவைத்தபடி. கீழே களத்தில் டீச்சர் கிட்டாரோடு நின்றார், காலடியில் ஏழு பெட்டிகள். நான் பாறையடியில் தட்டுக்கு முன்னால் ஒரு பெட்டிப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் அடிப்பார். நான் தட்டைப் பார்த்துத் துண்டுத் தாளில் எழுதி, ஏறிப்போய் வேன் கண்ணாடியில் காட்டுவேன். அவர் அதன் கீழே பதில் எழுதுவார்: நீலம், இரண்டாவது குமிழ், இரண்டு மணிக்கு. குமிழின் நிலையைக் கடிகார முள்போல மணியில்தான் சொல்வார்களாம். நான் இறங்கிப்போய் டீச்சரிடம் கொடுப்பேன். அறுபத்தைந்து வயதில் அந்த ஏற்றத்தை எத்தனை தடவை ஏறினேன் என்று எண்ணவில்லை.

"தூள் வட மேற்குத் திசையில் ஏறத்தாழ அரை அங்குலம் நகர்ந்தது" என்று எழுதிக் காட்டியபோது, "திசை வேண்டாம்" என்று கீழே எழுதினார். "நகர்வு மிதமானது" என்றதற்கு, "மிதம்னா?" என்று வந்தது. எனக்கும் தெரியவில்லை. இடையில் மூடுபனி இறங்கித் தூள் ஈரமாகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. தலைவர் ஃபெக்டரிக்கு ஓடிப்போய்ப் புதுத் தூள் கொண்டுவந்தார். டீச்சர் ஒருமுறை அடிப்பதை நிறுத்தி, "ஐயா, உங்களுக்கு எப்படிக் கேக்குது?" என்று கேட்டார். தட்டைப் பற்றி மட்டும் சொல்லத்தான் எனக்கு அதிகாரம் என்றேன்.

மதியத்துக்குச் சற்று முன்னால், தூள் தட்டின் நடுவில், பழைய சேலை மடிப்பு மாதிரி மூன்று வரிகளாக நெளிந்து, அங்கேயே நின்றது. அதற்கு என்ன சொல் என்று தெரியாமல் தாளில் மூன்று வளைகோடுகளை வரைந்து கொண்டுபோனேன். வேன் கண்ணாடி வழியாக அதை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடி மனைவியிடம் கொடுத்தார். அன்றைக்குப் பெட்டிகளைப் பூனாகலையிலேயே விட்டுவிட்டு வந்தோம். விற்பனை பூர்த்தி என்று இருப்பேட்டில் எழுதினேன்.

திருவிழாவுக்கு அவர் போகவில்லை. அவர் சார்பில் நான் போனேன். களம் நிறையச் சனம். பாட்டுக்குப் பாட்டு விசிலும் கைதட்டலும். எனக்குப் பழகிய இடம் என்று பாறைப் பக்கமே போய் நின்றேன்.

அடுத்த வாரம் காதுப் பரிசோதனைக்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அவரோடு துணைக்குப் போனேன். நடைபாதையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி மருந்துச்சீட்டுப் பிரிவுக்குப் போயிருந்தார். மைத்துனர் இடது காதை என் பக்கம் திருப்பினார்.

"மச்சான், அன்னைக்கு சத்தம் எப்படி இருந்துச்சு?"

நான் பார்க்காததைப் பார்த்ததாக ஒருநாளும் கையெழுத்துப் போட்டவனில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், நன்றாக இருந்தது என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. நல்ல கூட்டம் என்றேன். எல்லோருக்கும் பாட்டுப் பிடித்திருந்தது என்றேன்.

"அது சரி. பேஸ் தனியாக் கேட்டுச்சா?"

அந்த மாலையை மனதில் திரும்பக் கொண்டுவந்து யோசித்தேன். பாடியவரின் குரல் நினைவிருந்தது. ட்ரம் நினைவிருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ இருந்தது, ஆனால் அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. இவருக்காக இவ்வளவு தூரம் போய், கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் வந்திருக்கிறேன்.

"இல்லை. தனியாக் கேக்கவே இல்ல. பொய் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் சுவரில் தலையைச் சாய்த்தார். "பாறையில பட்டுத் திரும்பி வந்துச்சா?"

"ஒன்னும் வரல்ல."

"அப்ப சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். முகம் தளர்ந்திருந்தது.

எது சரி என்று எனக்குப் புரியவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக ஒருவர் இரும்புப் பெட்டிகளை வாங்கிச் சேர்த்து, மலை மலையாகத் தூக்கிப் போய், குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, காதையும் கொடுத்தது, கடைசியில் அது தனியாகக் கேட்காமல் இருப்பதற்காகவா? கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் நடைபாதையின் கடைசி அறைக்குள்ளிருந்து, தாதி ஒருவர் நம்பர் ஒன்றை, வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல், சாதாரணக் குரலில் கூப்பிட்டார். எங்கள் நம்பரா என்று நான் சீட்டை எடுத்துப் பார்ப்பதற்குள் மைத்துனர் எழுந்து அந்த அறையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.